புக் யார் பேர்ல?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள் சங்கதி. மாசிமகத் தேர் இருப்பிடம் சேர்ந்த கையோடு மாத்தளையில் ஆளாளுக்குப் பைக் பார்க்கக் கிளம்பிவிட்டீர்கள் போல. மிளகு விலை கேட்டவரும் மாப்பிள்ளைக்கு ஜாதகம் அனுப்பியவரும் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

“பைக் நல்ல கண்டிஷன், எல்லாம் கிளியர், பேப்பர் மட்டும் ஓப்பன்” என்கிறார் விற்கிறவர். ஓப்பன் என்றால் என்ன?
(பெயர் வேண்டாம், ரத்தோட்டை)

கதவு திறந்திருந்தால் காற்று வரும், பேப்பர் திறந்திருந்தால் வில்லங்கம் வரும்.

ஒரு வாகனம் கைமாறும்போது இரண்டு படிவங்கள் நிரப்ப வேண்டும். எம்.டி.ஏ. 8 என்பது “நான் விற்றுவிட்டேன்” என்று பழைய உரிமையாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சொல்வது. எம்.டி.ஏ. 6 என்பது “என் பெயரில் பதியுங்கள்” என்று புதியவர் கேட்பது. இரண்டிலும் பழையவர் இட வேண்டிய இடங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவரின் பெயரையும் தேதியையும் காலியாக விட்டு, புக்கோடு, அதாவது பதிவுச் சான்றிதழோடு, சேர்த்து ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கொடுத்தால் அதுதான் ஓப்பன் பேப்பர். அந்த உறை பைக்கோடு சேர்ந்து கை மாறும். ரத்தோட்டையிலிருந்து உக்குவளை, அங்கிருந்து நாவுல, அங்கிருந்து உங்கள் வீட்டு முற்றம். திணைக்களத்தின் ஏட்டில் மட்டும் பைக் முதல் ஆளின் வீட்டை விட்டு அசையவே இல்லை.

சட்டம் எத்தனை நாள் தருகிறது?
(உக்குவளை வாசகி)

14 நாள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், ஆகவே ஞாபகம் வைப்பது சுலபம். விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். படிவத்தில் தேதியே போடுவதில்லை. அதனால் சில பைக்குகளுக்கு அந்த முதல் நாள் ஆறு வருடமாகியும் இன்னும் விடியவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, ஏன் எல்லோரும் ஓப்பன் பேப்பரில் ஓடுகிறார்கள்? எங்கள் ஊரில் பத்தில் பாதி அப்படித்தான்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பலாபத்வெல)

சேர், பாதியா முக்காலா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது சோம்பல். கொழும்பு நாரஹேன்பிட்டிக்குப் போக விடியற்காலை பஸ், ஒரு நாள் சம்பளம், போக்குவரத்து, சாப்பாடு. தோட்டத்தில் நாட்கூலி வாங்குகிற பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது மொழி. படிவத்தை நிரப்பித் தர ஒருவர், அதைச் சரிபார்க்க இன்னொருவர், இருவருக்கும் தேத்தண்ணி.

மூன்றாவதுதான் உண்மையான காரணம்: புரோக்கர். அவர் பைக்கை வாங்குவதே விற்பதற்கு. தன் பெயருக்கு ஒருமுறை மாற்றி, உங்கள் பெயருக்கு இன்னொருமுறை மாற்றினால் இரண்டு கட்டணம், இரண்டு அலைச்சல், புக்கில் ஓர் உரிமையாளர் கூடுதல். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் இருந்தால் இவை எதுவும் இல்லை. அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. நாளை ஏதாவது நடந்தால் “நான் நடுவில் நின்று பேசிக் கொடுத்தேன், அவ்வளவுதான்” என்று கையை விரிப்பார். அவருடைய பெயர் எழுதப்பட வேண்டிய அந்த வெற்றிடத்தைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

இன்னொன்று, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. நடுவிலிருந்த ஐந்து வருடத்தில் பழைய பைக் எல்லாம் தங்கம் மாதிரி விலை ஏறியது. பொருள் கிடைப்பதே அதிர்ஷ்டம் என்ற காலத்தில் “பேப்பர் எங்கே?” என்று கேட்பவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். அந்தக் காலத்தில் கைமாறிய உறைகள்தாம் இன்று உங்கள் கைக்கு வருகின்றன.

டெக்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றிதழும் இருக்கிறது. பிறகென்ன பயம்?
(கலேவெல)

மூன்றும் பைக் ரோட்டில் ஓடலாம் என்பதற்குச் சாட்சி. பைக் உங்களுடையது என்பதற்கு ஒன்றுகூட இல்லை. டெக்ஸ் என்கிற வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது வாகன இலக்கமும் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் சரியாக இருந்தால் போதும். காசு கட்டுகிறவர் யாருடைய தம்பி என்று யாரும் கேட்பதில்லை. வருடாவருடம் தடங்கலில்லாமல் டெக்ஸ் கிடைப்பதால்தான் இந்த நோய் வலிக்காமல் வளர்கிறது.

ஓப்பன் பேப்பர் பைக்கை அறுபதாயிரம் குறைத்துத் தருகிறார்கள். லாபம்தானே?
(மரக்கறி வியாபாரி, தம்புள்ள)

பொருளாதார மத்திய நிலையத்தில் தக்காளிப் பெட்டியின் மேல் வரிசையை மட்டும் பார்த்து விலை பேசுவீர்களா? அடியில் கை விட்டுத்தானே பார்ப்பீர்கள். அந்த அறுபதாயிரம் விலைக் குறைப்பு இல்லை முதலாளி. பின்னால் யாரையோ தேடி அலையப் போகிற பெற்றோல் செலவை முன்கூட்டியே தருகிறார்கள். அதையும் முழுதாகத் தரவில்லை.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஓப்பன் பேப்பரில் பைக் வாங்கியதில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.
(உண்மை விளம்பி, கொங்காவெல)

தொட்டுவிட்டேன். வாங்கியிருக்கிறேன்.

2018இல் ஒரு பழைய நூறு சீசீ. நான் மூன்றாவது கையோ நான்காவது கையோ, எனக்கே தெரியாது. பொலித்தீன் உறையில் இரண்டு படிவம், அடையாள அட்டை நகல் ஒன்று. அந்த நகலில் உரிமையாளரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். நான்கு வருடம் ராஜா மாதிரி ஓட்டினேன். இதே பகுதியில் “ஆவணங்களைச் சரியாக வைத்திருங்கள்” என்று மற்றவர்களுக்கு உபதேசமும் செய்தேன்.

2022 ஜூலையில் எரிபொருள் கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் போட்டுப் பதிய வேண்டும். போட்டேன். இந்த வாகனம் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது என்றது போன். திரும்பப் போட்டேன். அதே பதில். பெற்றோல் செட் வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, “ஓப்பன் பேப்பரா?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். நாடி பிடிக்காமலே நோயைச் சொல்லிவிட்டார்.

புக்கில் இருந்த முகவரியைத் தேடிக் கலேவெலப் பக்கம் போனேன். பஸ்ஸில்தான், பைக்கில் போக எண்ணெய் இல்லையே. மனிதர் வீட்டில் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்து, சீனி போட்டுத் தேத்தண்ணி தந்தார். சீனி விற்ற விலைக்கு அது பெரிய மரியாதை. “என் பேர்ல இருந்திச்சு, போட்டுட்டேன்” என்றார். “உங்களிடம்தான் இப்போது வேறு பைக் நிற்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே?” என்றேன். முற்றத்தில் நின்ற பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது ஓப்பன் பேப்பருங்க. அதோட ஓனர் வெல்லவாயவில அதைப் போட்டுட்டாரு.”

இருவரும் சிரித்துவிட்டோம். பின்னே என்ன செய்வது? வெல்லவாயக்காரர் யாருடைய பைக்கை ஓட்டினாரோ, கடவுளுக்கு வெளிச்சம். அடுத்த மாதமே அவரும் நானும் சேர்ந்து போய்ப் பெயர் மாற்றினோம். அவர் செலவுக்கு நான்தான் காசு கொடுத்தேன், மதியச் சோறு உட்பட. நல்ல மனிதர் அகப்பட்டது என் அதிர்ஷ்டம், கெட்டித்தனம் இல்லை.

தோட்டத்தில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. முதல் பைக். பார்க்கப் போகும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் அண்ணே?
(21 வயது, எல்கடுவ)

தம்பி, உன் கேள்விக்குத்தான் இந்த வாரம் அதிக இடம்.

பகல் வெளிச்சத்தில் போ. “டியூட்டி முடிஞ்சு ஏழு மணிக்கு வாங்க” என்றால், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல். கையில் ஒரு பழைய துணி, ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய், போன் டோர்ச். பைக்கைச் சுற்றி வந்து “அழகா இருக்கு” என்று வாய்தவறியும் சொல்லாதே, விலை ஏறும்.

ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பு. அதன் கழுத்துக் குழாயில் இலக்கம் அடித்திருக்கும், அதுதான் செசி நம்பர். கிறீஸும் சேறும் அப்பியிருக்கும். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடை. ஓர் எழுத்து விடாமல் வாய்விட்டுப் படி, உன் கூட்டாளி புக்கைப் பார்த்து ஒப்பிடட்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்க வேண்டும். பைக் முழுக்கப் பத்து வருடப் பழசாக இருக்க, அந்த மூன்று அங்குலத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக மினுங்கினால், விரல் நுனியால் தடவிப் பார். கிறைண்டர் பட்ட இடம் வழவழவென்று லேசாகக் குழிந்திருக்கும். அப்படி இருந்தால் ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு கிளம்பு, பேச்சே வேண்டாம். எஞ்சின் நம்பர் கீழே எஞ்சின் உடம்பிலேயே இருக்கும். எஞ்சின் மாற்றின பைக் என்றால் அந்த மாற்றம் புக்கில் ஏறியிருக்க வேண்டும். நிறமும் அப்படித்தான்: புக்கில் சிவப்பு, முற்றத்தில் கறுப்பு என்றால் நடுவில் என்ன நடந்தது என்று கேள்.

இப்போது புக். இன்று அது வெறும் தாள்தான், ஆனாலும் நமக்கு அது புக். அசல் வேண்டும். “நகல் இருக்கு, அசல் அண்ணன் வீட்டில” என்றால், அண்ணன் வீட்டுக்கே போவோம் என்று சொல். பெயர் யாருடையது? எதிரில் நிற்பவருடையதா? அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போனால் குலம் கோத்திரம் கேட்கிறோம், இரண்டு மூன்று லட்சத்துக்குப் பெயர் கேட்கக் கூடாதா? அப்புறம் ‘அப்சலூட் ஓனர்’ என்ற இடத்தைப் பார். அங்கே ஒரு லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கதை வேறு, கீழே சொல்கிறேன். திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைப் போட்டு, சிறு கட்டணத்துக்கு ஏட்டில் உள்ள விவரத்தையும் பார்க்கலாம். புக் சொல்வதும் ஏடு சொல்வதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்.

எஞ்சின் சத்தம், சங்கிலி, டயர் எல்லாம் கராஜ் பாஸின் வேலை, அவரைக் கூட்டிப்போ. எஞ்சின் கெட்டால் பாஸ் திறந்து சரிபண்ணுவார். புக் கெட்டால் எந்த பாஸுக்கும் ஸ்பெனர் செட்டில் சைஸ் இல்லை.

லீசிங் முடியாத பைக். “மிச்சம் எட்டுத் தவணை, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்” என்கிறார். வாங்கலாமா?
(யட்டவத்தை)

அவர் விற்பது எதை? 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் எடுத்த லீசிங் என்றால் கடைசித் தவணை முடிந்து கைமாறும்வரை பைக் கொம்பனியுடையது. உங்களிடம் வந்தவர் வாடகை வீட்டின் கூரையைக் கழற்றி விற்பவர் மாதிரி.

நீங்கள் எட்டுத் தவணையும் ஒழுங்காகக் கட்டினாலும் ரசீது அவர் பெயரில்தான் வரும். நடுவில் அவர் வேறொரு கடனுக்கும் அந்தக் கொம்பனியிடம் கையெழுத்து வைத்திருந்தால்? ஒருநாள் திருகோணமலை வீதியில் பைக்கை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போய் வருவீர்கள், செருப்பு இருக்கும், பைக் இருக்காது. சீஸ் பண்ண வருகிறவர்கள் உங்கள் கண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், அவர்கள் கையிலுள்ள பட்டியலில் நம்பர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வேண்டுமென்றால் ஒரே வழி. மூவரும் கொம்பனிக் கிளைக்குப் போங்கள். மொத்தமாக அடைக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் காசை அவர் கையில் கொடுக்காமல் கவுண்டரில் கட்டுங்கள். கொம்பனி தன் பெயரை நீக்கச் சம்மதித்துக் கொடுக்கும் கடிதமும் அசல் புக்கும் உங்கள் கண்முன் வர வேண்டும். மீதி விலை அதற்குப் பிறகு. இதற்கு அவர் “நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளித்தால், ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

ஜே.பி. முன்னால் சத்தியக் கடதாசி எழுதி முத்திரை குத்தி வாங்கினால் போதாதா?
(நாவுல)

பின்னாளில் சண்டை வந்தால் “இந்தத் தேதியில் இவர் விற்றார், இவர் வாங்கினார்” என்று காட்ட உதவும். அந்த அளவில் நல்லது. ஆனால் திணைக்களத்தின் ஏட்டில் அது ஓர் எழுத்தையும் மாற்றாது. குடை நல்லதுதான், கூரை ஆகாது.

நான் விற்றவன். மூன்று வருடத்துக்கு முன் ஓப்பன் பேப்பரில் கொடுத்தேன். போன வாரம் பொலிஸ் வீடு தேடி வந்து “உங்கள் பைக் ஒருவரை இடித்துவிட்டு ஓடிவிட்டது” என்கிறது. நான் என்ன பாவம் செய்தேன்?
(அப்பாவி, பள்ளேபொல)

பாவம் இல்லை, எம்.டி.ஏ. 8 செய்யவில்லை.

எல்லோரும் ஓப்பன் பேப்பரில் வாங்குபவனுக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் விற்றவனுக்கே அதிகம். வாங்கினவனிடம் பைக்காவது இருக்கிறது. உங்களிடம் இருப்பது பெயர் மட்டும், பொலிஸ் முதலில் தேடுவதும் பெயரைத்தான். கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கேமராவைப் பார்த்து வீதிக் குற்றம் பிடிக்கிறார்கள். அந்தக் கடிதமும் பதிவிலுள்ள முகவரிக்குத்தான் வரும்.

இந்தியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் 2007இல் வாகனத்தை விற்றார். அது கைக்குக் கை மாறியது, பதிவு மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே கிடந்தது. 2009இல் விபத்து, உயிர்ச்சேதம். யார் நட்டஈடு கொடுப்பது? கடைசியில் வாங்கியவர் என்றது உயர் நீதிமன்றம். 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு கையாகத் தேடி அலைய விட முடியாது என்று. அது அவர்கள் நாட்டுச் சட்டம், நம் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் அந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று நானும் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இடிபட்டவர் மருத்துவமனையில் கிடந்துகொண்டு புரோக்கரின் போன் நம்பரையா தேடுவார்?

நீங்கள் உடனே செய்ய வேண்டியது: விற்றபோது எழுதிய துண்டுக் காகிதம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல், காசு வங்கியில் வந்த சான்று, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வாக்குமூலம் அதற்குப் பிறகு. இனி விற்கப் போகிறவர்களுக்கு: எம்.டி.ஏ. 8ஐ வாங்குபவரின் பெயர், முகவரி, தேதியோடு நிரப்பி ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் நீங்களே அனுப்புங்கள். தபால் கந்தோர் தருகிற அந்தத் துண்டுச் சீட்டைக் கல்யாணப் பதிவுச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். இரண்டுமே யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்பவை.

சொந்தக்காரர் இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்தபோது வைத்த கையெழுத்து எங்களிடம் இருக்கிறது. தேதியைப் போட்டுக் கொடுத்துவிடலாமா?
(லக்கல)

இறந்தவர் போன வாரம் வந்து கையெழுத்து வைத்தார் என்று திணைக்களத்தில் சொல்வீர்களா? அதற்குத் திணைக்களம் போதாது, உடுக்கை வேண்டும்.

அந்த வேலைக்குப் போகாதீர்கள், பொய் ஆவணம் என்று ஆகிவிடும். பைக் இப்போது அவருடைய வாரிசுகளின் சொத்து. மரணச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்பதற்கான ஆவணங்கள், அவர்கள் எல்லோருடைய சம்மதம், இந்த வழியில்தான் போக வேண்டும். மூத்த மகன் சவூதியில், இளையவள் கணவரோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் என்றால், பைக் பேச்சு கல்யாணப் பேச்சை விட நீளும். அட்வான்ஸ் கொடுக்காமல் காத்திருங்கள்.

புக் தொலைந்துவிட்டதாம். “பொலிஸ் என்ட்ரி இருக்கு, நீங்களே புது புக் எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார்.
(வறக்காமுறை)

தொலைத்தது அவர், தேட வேண்டியது நீங்களா? மறுபிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு செய்த உரிமையாளர். அவர் எடுத்துத் தரட்டும், பிறகு விலை பேசுவோம் என்று சொல்லுங்கள். சில புக்குகள் தொலைவதே இல்லை. யாரோ ஒருவரின் அலுமாரியில், வட்டிக் கணக்குக் கொப்பிக்குக் கீழே, பத்திரமாக இருக்கும்.

திருட்டுப் பைக் என்று தெரியாமல், சந்தை விலை கொடுத்து நேர்மையாக வாங்கினால் சட்டம் என்னைக் காப்பாற்றாதா?
(நேர்மையாளன், வில்கமுவ)

விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குபவனுக்கு வராது. 1896ஆம் ஆண்டிலிருந்தே நம் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி இதுதான். உங்கள் நேர்மை உங்களைக் கூண்டில் ஏறாமல் காக்கலாம், பைக்கைக் காக்காது. அது உரியவரிடம் திரும்பிப் போகும், நீங்கள் விற்றவனைத் தேடிப் போகலாம். அவன் பெயரும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனின் பைக் தகட்டில் ‘சீ.பி.’ என்ற எழுத்தே இல்லை. கள்ளத் தகடா?
(விழிப்புடன் ஒரு அம்மா, மாத்தளை நகரம்)

இல்லையம்மா. 2023 ஜனவரியிலிருந்து மாகாண எழுத்து இல்லாமல்தான் தகடு தருகிறார்கள், மாகாணம் மாறும்போதெல்லாம் தகட்டை மாற்றும் தொல்லை போயிற்று. பையனைப் பற்றி வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் தனியாக எழுதுங்கள்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார். அங்கே இந்தப் பிரச்சினையே இல்லையாம்.
(மாத்தளை)

மச்சான் ஒன்டாரியோவில் இருந்தால் சிரிக்கட்டும், நியாயம் உண்டு. அங்கே தனியாள் ஒருவர் பழைய வாகனத்தை விற்க வேண்டுமானால் அரசாங்கத்திடமிருந்து 20 டொலருக்கு ஒரு விவரப் பொதி எடுத்து வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். முன்பு யார் யாருடையது, கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். வாங்கியவர் 6 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நமக்கு 14. நம்மைத் திணைக்களம் எவ்வளவு நம்பியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் அமெரிக்காவிலும் உரிமைப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டுக் கைமாற்றுகிற புரோக்கர்கள் உண்டு, அங்கே அது குற்றம். புரோக்கர் என்பவர் எல்லா மண்ணிலும் முளைப்பார், நம்மூரில் உரம் அதிகம்.

சரி, ஓப்பன் பேப்பர் பைக்தான் பிடித்திருக்கிறது. அந்த நிறம், அந்தச் சத்தம். ஏதாவது வழி சொல்லுங்கள்.
(மனம் கேட்கவில்லை, உக்குவளை)

காதலித்தவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பதால் வழி சொல்கிறேன்.

புக்கிலுள்ள ஆளைத் தேடுங்கள், புரோக்கரை அல்ல. முகவரி புக்கிலேயே இருக்கிறது. அந்தப் பகுதி கிராம சேவகரிடம் விசாரித்தால் ஆள் இருக்கிறாரா, ஊர் மாறினாரா என்றாவது தெரியும். அவரை நேரில் பாருங்கள். “இந்தப் பைக்கை விற்றது உண்மையா? லீசிங் பாக்கி உண்டா?” என்று கேளுங்கள். பழைய கையெழுத்தை நம்பாமல், புதுப் படிவத்தில் உங்கள் பெயரும் தேதியும் போட்டு உங்கள் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். அடையாள அட்டை நகலில் முகம் தெரிய வேண்டும், என் அனுபவம். விலையில் ஒரு பங்கை மட்டும் கொடுங்கள், மிச்சத்தைப் பெயர் மாறிய அன்று கொடுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த வேலை நடக்கிறது, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நகல் குறைந்து திரும்பி வந்தால், அடுத்த முறை அவர் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்குப் புரோக்கர் சம்மதிக்கவில்லையா? அப்படியானால் பைக்கின் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை ரிங்டோனாக்கிக் கொள்ளுங்கள்.

பைக்கை யார் பெயரில் எடுப்பது? என் பெயரிலா, மனைவி பெயரிலா?
(புதுமாப்பிள்ளை, ரத்தோட்டை)

காசு யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவே பதிலைச் சொல்லிவிட்டது. மனைவி பெயரில் எடுங்கள்.

பெயர் மாற்றப் போக நல்ல நாள் எது?
(பஞ்சாங்கம் பார்ப்பவர், உக்குவளை)

பழைய சொந்தக்காரருக்கு லீவு கிடைக்கிற நாள்.

வாங்கிய அன்று எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முத்துமாரியம்மன் கோயிலில் பூசையும் போட்டுவிட்டேன். அர்ச்சனைச் சீட்டில் என் பெயர், என் நட்சத்திரம்தான். புக்கில் மட்டும் வேறொருவர். அம்மன் யாரைக் காப்பாற்றுவாள்?
(மாத்தளை)

அம்மன் உங்களைத்தான். அபராதக் கடிதம் அவரை.